கூலருக்கு முன்னால் அடுக்கிய தட்டு

ஜூன் 27, இரவு.

மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிற சர்க்யூட் பலகைகள் மேல், ஈரம் புகாமல் ரெசின் ஊற்றுவதுதான் பட்டறையில் என் வேலை. இன்று ஒன்பது பலகைகள் கெட்டுப்போய்த் திரும்பி வந்தன. ரெசினுக்கு அடியில் செம்புக் கோடுகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"கலவைய நீதானடி கலக்குற? முதலாளி பையா கேட்டா நான் என்ன சொல்றது? மறுபடி கிட்வாய் நகர் வீடுகள்ல பாத்திரம் தேய்க்கத்தான் போகப்போற" என்றாள் செல்வி அக்கா. என்னை இங்கே சேர்த்துவிட்டவள் அவள்தான்.

ஆனால் கலவையை நான் எடைபோட்டுத்தான் கலக்குகிறேன். கழுவிய பலகைகளைச் சீக்கிரம் காயட்டும் என்று கூலருக்கு முன்னால் அடுக்குவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கூலரோ நனைந்த புல் தட்டி வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. மதியம் என் சாப்பாட்டு டப்பாவிலிருந்த அப்பளம் ஒன்றை அங்கே வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் துணிபோல மடங்கியது. மேசையில் வைத்த இன்னொன்று மொறுமொறுப்பாகவே இருந்தது. ஈரத்தை நாங்களே உள்ளே வைத்து மூடியிருக்கிறோம்.

எழுந்துபோய்க் கூலரை நிறுத்தினேன்.

"பைத்தியமாடி உனக்கு? இந்த வெயில்ல வெந்து சாகணுமா?" என்று அக்கா கத்தினாள். சத்தம் கேட்டு முதலாளி பையா வந்துவிட்டார். இரண்டு அப்பளத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, பலகைத் தட்டைக் காட்டினேன். அவர் ஒன்றை மடித்தார், மற்றதை உடைத்தார். அச்சா, நாளைக்குப் பத்து பலகையை உன் விருப்பப்படி காயவைத்து ஊற்று என்று இந்தியில் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். நாளைக்குப் பலகைகளை, பல்பு எரிகிற மரப்பெட்டிக்குள் வைத்துக் காயவைக்கப்போகிறேன். ஆறினால் மறுபடி ஈரம் ஏறிவிடும்; பத்தும் சூடாக இருக்கும்போதே ரெசினை ஊற்றிவிட வேண்டும்.