தேவையில்லாதவை என்று ஒரு பட்டியல்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் கணினிக்கு அப்டேட் போட்டேன். ஆறு மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை. ஒருவழியாக முடிந்தது.

மார்ச் 5, புதன்

எங்கே முடிந்தது? காலையில் அப்பா டம்ளரைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தால் அவருடைய பேசும் நிரல் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரே வரி: லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்பு இல்லை.

புற்றுநோய்க்காக அப்பாவின் குரல்வளையை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பு அண்ணன் மூன்று வாரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, செய்தித்தாளிலிருந்து மருந்து டப்பா வரை எல்லாவற்றையும் வாசிக்கவைத்துப் பதிவு செய்தான். அதை வைத்து இந்த நிரலை எழுதினான். அப்பா தட்டச்சு செய்தால் அவர் குரலிலேயே பேசும். அந்தச் சிடுசிடுப்புகூட அப்படியே வரும்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் லினக்ஸ் சர்வர்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

மார்ச் 6, வியாழன்

ஒரு நிரல் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளாது. பொதுவான வேலைகளுக்கு லைப்ரரிகளை இரவல் வாங்கும், ஒரே ஏணியை நாலு வீட்டுக்காரர்கள் எடுப்பது மாதிரி. ஏணி காணாமல் போனால் எந்த வீட்டிலும் விளக்கு மாட்ட முடியாது. எதெல்லாம் காணோம் என்று பார்த்தேன். மூன்று. ஒன்று உடனே கிடைத்தது, நிறுவிவிட்டேன்.

மார்ச் 8, சனி

இரண்டாவதற்குப் பழைய பதிப்புதான் வேண்டுமாம். மூலநிரலைத் தேடி எடுத்து நானே தொகுத்தேன். அரை நாள் போனது.

மூன்றாவது எங்கும் இல்லை. இருக்காது. அது அண்ணனே எழுதியது. ஒரு பொதுவான பேச்சு லைப்ரரியை எடுத்து, அப்பாவின் குரலுக்காக மாற்றியிருந்தான். எப்படிப் போனது? அப்டேட்டின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். கடைசியில் கணினி ஒரு பட்டியல் காட்டியிருக்கிறது: இவை இனி தேவையில்லை, நீக்கட்டுமா? நான் படிக்காமலே 'ஆம்' கொடுத்திருக்கிறேன். இந்த நிரலுக்கு அந்த லைப்ரரி தேவை என்று, நிரலை நிறுவும் கட்டான பேக்கேஜில் அண்ணன் குறிக்கவே இல்லை. அதனால் யாருக்கும் வேண்டாதது என்று கணினி முடிவுகட்டிவிட்டது. அவனாவது மறந்தான். பேக்கப்கூட எடுக்காத என்னை என்ன சொல்ல?

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நோட்டில் எழுதிக் காட்டினார்: "அவன்கிட்ட கேட்காதே."

மார்ச் 9, ஞாயிறு

குறுக்கு வழியில் போனேன். அந்தப் பொது லைப்ரரிக்கே அண்ணனுடைய லைப்ரரியின் பெயரைச் சூட்டி நிரலை ஏமாற்றினேன். திறந்தது! "அப்பா, வாங்க வாங்க" என்று கத்தினேன். அவர் அவசரமாக வந்து எதையோ தட்டினார், கேட்டதும் முகம் சுளித்து மறுபடி தட்டினார்.

"இது யாரு?" என்று கணினிக்குள்ளிருந்து யாரோ ஒருவன் கேட்டான். உயிரே இல்லாத, தட்டையான குரல்.

அப்பா கணினியின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணனிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். எந்த முகத்தோடு கேட்பது? இரண்டு வருடத்துக்கு முன்பு, வேலையை விட்டுவிட்டேன் என்று அவன் வந்து நின்றபோது அப்பா தட்டச்சு செய்தார்: "இனி என் மூஞ்சியில முழிக்காதே." கோபத்தில் பேசவைக்கும் பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டார். அவன் செய்து கொடுத்த குரல் அவனை இரண்டு தடவை விரட்டியது. நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் குரல் இருந்ததே!

மார்ச் 12, புதன்

மதியம் அலுவலக மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பேக்கப் எடுத்தியா, வாலு?"

"இல்லண்ணா."

"ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பே." சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "என்கிட்டயும் இல்ல. அந்த டிஸ்க்கத் தூக்கிப் போட்டுட்டேன்."

"வேணும்னேவா?"

"அவர் பேசின பதிவெல்லாம் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"அனுப்பு."

மார்ச் 17, திங்கள்

அனுப்பி ஐந்து நாள் ஆகிறது, பதில் இல்லை. அப்பா டம்ளரைத் தட்டுவதையும் விட்டுவிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் அண்ணனிடமிருந்து லைப்ரரி வந்தது. கூடவே இரண்டு வரி: "மறுபடி முதல்லேர்ந்து எழுதினேன். இது தேவைன்னு பேக்கேஜ்ல குறிச்சிருக்கேன். அப்பவே செஞ்சிருக்கணும், தப்பு என்னோடதுதான்." அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நிறுவினேன். காணாதவை எவை என்று கணினியைக் கேட்டேன். எதுவும் இல்லை என்றது. அப்பாவைக் கூப்பிட்டேன். வெகுநேரம் விசைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டினார்.

"ஃபேனைக் கொஞ்சம் குறை."

அதே சிடுசிடுப்பு. குறைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 24, திங்கள்

அவன்தான் எழுதினான் என்று சொல்லிவிட்டேன். "நீங்களே அவன்கிட்ட பேசிடுங்கப்பா. இப்பத்தான் நல்லா வருதே" என்றேன். அப்பா கணினிப் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டை எடுத்தார்: "இந்தக் குரல்ல வேண்டாம். அவன் கேட்டது போதும்."

மாலைவரை உட்கார்ந்து கடிதம் எழுதினார். கோணல் எழுத்து. உறையை ஒட்டித்தான் கொடுத்தார். படிக்காமல் தபாலில் சேர்த்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். "லெட்டர் வந்துச்சு." அப்புறம் அவசரமாக, "ஏன், மறுபடி எரர் வருதா? எந்த லைப்ரரி காணோம்னு சொல்லுது?"

"எதுவும் காணாமப் போகலண்ணா. நல்லா வேலை செய்யுது."

"அப்புறம் ஏன் கையால எழுதியிருக்காரு?"

நான் சொல்வதற்குள் அவனுக்கே புரிந்திருக்க வேண்டும்.

"பக்கத்துல இருக்காரா?"

போனை மேசைமேல் அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். கணினி திறந்துதான் இருந்தது, அவர் அதைத் தொடவில்லை. நகத்தால் போனின் மேல் இரண்டு தடவை தட்டினார்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. ஆறு நிமிடம் ஓடியது என்று போன் காட்டுகிறது.