உடும்புத் தோலில் ஒரு தையல்

என் தெரேசாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு உன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, நானும் விடாமல் ஏற்றினேன். உயிரோடிருந்தபோதும் நீ ஒரு சொல்லில் அடங்கியவள் இல்லையே.

உன் மகன் அந்தோணி நலம். ஆம்பூர் மண்டியில் அவன் இப்போது ஆட்டுத்தோல் வாங்குவதை விட்டுவிட்டான், உடும்புத் தோல்தான். சீமையில் பெண்களுக்குச் செருப்பும் பையும் அதில்தான் வேண்டுமாம். எனக்கும் ஒரு கைப்பை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பாராட்டுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் பையைப் பிரித்து உட்பக்கத் தையலைப் பார்த்தேன். மடத்துப் பள்ளியின் தையல் வகுப்பில் கன்னியாஸ்திரிகள் நம்மிடம் எப்போதும் உட்பக்கத்தைத்தானே காட்டச் சொல்வார்கள்.

நட்டநடுவில் ஒரு தையல் ஓடியது. உடும்புத் தோலில் முதன்முதலாக இறங்கியபோது உனக்கு அவன் தந்த பை உன் அலமாரியில் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது ஒரே தோல். இதில் இரண்டு தோல். ஏனடா இந்த ஒட்டு என்று கேட்டேன்.

"இப்பல்லாம் பெருசு எங்க பெரியம்மா கெடைக்குது? குட்டிதான் வருது. ரெண்டு சேத்து தெச்சா யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரிந்துவிட்டது, தெரேசா.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் நீ முதலில் ஓடுவது அமிர்தி சாலையிலிருக்கும் அப்பாவின் கரட்டு நிலத்துக்குத்தான். அங்கே புற்றோரம் வெயில் காய்ந்த கிழட்டு உடும்புக்கு மதர் என்று பெயர் வைத்தவள் நீ. தலையை நிமிர்த்தி, இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை என்று அது நடந்து வந்தால், நம் மடத்துத் தலைவி வகுப்புக்குள் நுழைவது போலவே இருக்கும். "அக்கா, எழுந்து நில்லு, மதர் வர்றாங்க" என்பாய். நான் உன்னை அதட்டுவேன். அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நீ பார்த்தாயா?

அப்பா நமக்குச் சரிபாதியாகப் பிரித்துத் தந்த அந்தக் கரட்டில், உன் பாதியை அந்தோணி உடும்பு பிடிக்கத் திறந்துவிட்டான். போய்ப் பார்த்தேன். புற்றெல்லாம் தோண்டிக் கிடக்கிறது. அது முட்டையிடுவதும் அதற்குள்தானே. இப்போது என் பாதியையும் கேட்கிறான். மானைச் சுட்டால் வழக்குப் போடும் சர்க்கார் இதற்கு மட்டும் ஏன் சும்மா இருக்கிறது என்றேன்.

"தொரைங்க வேட்டையாட மான் வேணும் பெரியம்மா. பல்லி ஜாதிக்கு இன்னா மரியாதை?" என்று சிரித்தான். உன்னுடைய சிரிப்பு அது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தோண்டியது நம் முனியன். அப்பா காலத்திலிருந்தே கரட்டடியில் குடியிருக்கும் இருளர் வீட்டுப் பிள்ளை. குழம்புக்கு எப்போதாவது ஒன்று பிடிப்பார்கள், அப்பா தடுத்ததில்லை. அவனைக் கூப்பிட்டுக் கடுமையாகவே பேசினேன். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அவன் என்னையே கேட்டான்.

"ரிசர்வ் காட்டுக்குப் போனா காவல்காரரு அடிக்கிறாரு. அந்தோணி ஐயா தோண்டுன்றாரு, நீங்க தோண்டாதன்றீங்க. நான் எங்கம்மா போறது?"

உடும்பு பிழைக்க வேண்டுமென்று இவனைத் துரத்தினால் நானும் இன்னொரு காவல்காரன்தானே? கடப்பாரை பிடித்தவனைக் கேட்க நானிருக்கிறேன். அந்தப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு நடப்பவளை யார் கேட்பது?

உன் பாதியின் புற்றுகளில் இனி மிஞ்சியிருப்பது ஒன்றுதான். நம் எல்லைக்கல்லையே மூடி வளர்ந்திருக்கிறது, பாதி உன் பக்கம், பாதி என் பக்கம். மூட்டு வலியோடு அதன் எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து ஒன்று வெளியே வந்தது. சின்னதுதான். தலையை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பார்த்தது. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

உன் அத்தானும் போய்விட்டார், எனக்குப் பிள்ளையும் இல்லை. என் பங்கு நிலம் அந்தோணிக்குத்தான் என்று, நீ கிடந்த கட்டிலருகே உன் கையைப் பிடித்துச் சொன்னேன். கொடுத்த வார்த்தையை நான் மீறியவள் அல்ல, அது உனக்குத் தெரியும். இதை மீறப் போகிறேன். என் வீடும் நகையும் உன் மகனுக்கே. கரட்டில் என் பாதியை மட்டும் முனியன் குடும்பத்துக்கு எழுதிவைக்கிறேன். தேனும் கிழங்கும் விறகும் அவர்களுடையவை, குழம்புக்கு எப்போதாவது ஒரு உடும்பும். மண்டிக்கு மட்டும் ஒரு தோல்கூடப் போகக்கூடாது என்றேன். தலையாட்டினான். பசி வரும் நாளிலும் அந்தத் தலையாட்டல் நிற்குமா? நான் அறியேன். செய்தி கேட்ட நாளிலிருந்து அந்தோணி என்னோடு பேசுவதில்லை.

நீயும் பேசாமல் இருப்பாயோ? நான் அங்கே வரும்போது உனக்குக் கோபம் ஆறியிருக்காவிட்டால், நீ கூப்பிடும்வரை வெளியிலேயே நிற்கிறேன். அதுவரை, கால் நடக்கிற நாளெல்லாம் அந்தப் புற்றடிக்குப் போவேன். மதர் வந்தால் உனக்கும் சேர்த்து எழுந்து நிற்பேன்.

வார்த்தை தவறிய உன் அக்கா,
ஆக்னஸ்