வலித்தால் நல்லது

எடமலைப்பட்டி புதூர்,
14-7-1959

அன்புள்ள மேரிக்கு,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். நான்தான் இல்லை.

இன்டர்வியூ அன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் உனக்காக நின்றேன். லால்குடி பஸ் ஒன்று வந்து போனது, இன்னொன்றும் வந்தது. இறங்கிய முகமெல்லாம் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் தனியாகப் போனேன். இங்கே வாசலிலேயே "தொழுநோய் ஆராய்ச்சி நிலையம்" என்று பெரிய எழுத்தில் பலகை. கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நீ கூட இருந்திருந்தால் ஒருத்திக்கு ஒருத்தி வெட்கப்பட்டாவது உள்ளே போயிருப்போம்.

டாக்டர் பேட்ரிசியா நம் ஹாஸ்டலுக்கு வந்து பேசினாரே, அதே மாதிரிதான் இங்கேயும் பேசினார். "ஒன் ஃபிரண்ட் எங்கேம்மா? ரெண்டு எடம் வெச்சிருக்கேன். சேரிப் பொண்ணுங்க இந்த வேலைக்கு வந்ததே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. யாரும் கூப்பிட்டதே இல்லை, அதான் வரலை. நான் கூப்பிடறேன்" என்றார். உனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன். உன் இடத்தை வருஷக் கடைசி வரைக்கும் காலியாக வைத்திருப்பாராம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. காம்பவுண்டுக்குள்ளேயே ஓர் அறையும் கொடுத்திருக்கிறார்கள். திருவெள்ளறைக்குச் செய்தி அனுப்பினேன். அப்பா நாற்று நடவை விட்டுவிட்டு ஓடி வந்து கேட்டிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "ஏம்மா, பி.எஸ்ஸி. படிச்சது இதுக்கா?" என்று ஒன்றுதான் கேட்டார்.

நீ ஏன் வரவில்லை? உண்மையைச் சொல்.

உன்,
அழகம்மாள்


லால்குடி,
21-7-1959

அன்பு அழகுக்கு,

உன் கடிதத்தை அம்மா கண்ணில் படாமல் மாட்டுக்கொட்டகையில் வைத்துப் படித்தேன்.

நான் கிளம்பினேனடி. புதுப் புடவை கட்டி, பஸ் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவர். கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினார். கையில் விரலே இல்லை. கண்டக்டர் அவரை இறங்கச் சொல்லிக் கத்தினார். பெரியவர் இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே நானும் இறங்கிவிட்டேன். அவருக்காகப் பரிந்து ஒரு வார்த்தை சொன்னேனா என்று கேட்காதே. பயந்து இறங்கினேன், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ரயில்வேயில் தெரிந்தவர் மூலமாக இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை பேசிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பு. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நீ அங்கே என்ன செய்துகொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவு. நகத்தை வெட்டிக்கொள். கோபித்துக்கொள்ளாதே.

உன்,
செல்வமேரி


எடமலைப்பட்டி புதூர்,
3-11-1959

அன்புள்ள மேரிக்கு,

உன்மேல் கோபமில்லை. நானும் ஒவ்வொரு நாளும் கேட்டுக்குள் நுழையும்போது திரும்பி ஓடிவிடலாமா என்றுதான் நினைக்கிறேன்.

வேலை இதுதான். நோயாளியின் காது மடலிலும் தேமலிலும் சின்னதாகக் கீறி, வரும் நீரைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் ஏற்றுவோம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலத்துக்கு நடுவே கிருமி சிவப்புச் சிவப்பாகக் கட்டு கட்டாக இருக்கும். முதல் நாள் பார்த்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன். பக்கத்து மேஜை குத்புதீன் அண்ணன், "கண்ணாடி வழியா கடிக்காதும்மா" என்று சிரித்தார்.

நோய் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்து அடுத்தவருக்கு ஏன் வருவதில்லை என்பதைத்தான் டாக்டர் ஆராய்கிறார். அதற்காகத் தெருத் தெருவாகப் போகிறோம். நம் சேரிகளில் என்னைக் கண்டால் பெண்கள் ரவிக்கையை இறக்கி முதுகைக் காட்டுகிறார்கள். டாக்டரே போனபோது காட்டாதவர்கள். என் அப்பா பெயரைச் சொல்லி, "அது நம்ம அம்மாசி மக" என்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தில் அப்படியில்லை. போன வாரம் உத்தர வீதியில் ஒரு வீட்டு வாசலில் நின்றேன். அந்த அம்மாள் பெயர் ரெங்கநாயகி. முப்பது வயதிருக்கும். "நீ யாராத்துப் பொண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறிவிட்டது. "இங்க யாருக்கும் ஒண்ணுமில்லை, போயிட்டு வா" என்று கதவைச் சாத்தினார். சாத்தும்போது இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். சுண்டுவிரல் மடங்கியிருந்தது, பார்த்துவிட்டேன். அந்தத் தெருவை விட்டு வெளியே வருகிற வரைக்கும் எனக்குப் பயமாக இருந்தது. எனக்காகவா, அவருக்காகவா, தெரியவில்லை.

எழுது.

அழகம்மாள்


எடமலைப்பட்டி புதூர்,
9-2-1960

மேரி,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

என் வலது முழங்கைக்குக் கீழே ஒரு தேமல். ஒரு ரூபாய் அளவு. எப்போதிருந்து இருக்கிறதென்று சொல்லத் தெரியவில்லை. வெயிலில் அலைந்ததால் வந்தது என்று நினைத்திருந்தேன். நேற்று கொதிக்கிற சாயப் பாத்திரம் அதன்மேல் பட்டது. கை கொப்பளித்துவிட்டது. எனக்குச் சுடவில்லை, மேரி. கொப்பளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். அப்பாவை ஊரில் நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள், அம்மாவைக் கிணற்றடியில் விட மாட்டார்கள். இதே வியாதிக்கு வந்தவர்களிடம் "பயப்படாதீங்க, மாத்திரையிலே குணமாகும்" என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறேன். எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழவில்லை.

நாம் மூன்று வருஷம் ஒரே பாயில் படுத்தோமே. உன்னை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

அ.


லால்குடி,
11-2-1960

அழகு,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீயாக டாக்டரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நான் கூட்டிப் போய்க் காட்டுவேன். ரவிக்கையெல்லாம் தைக்காதே.

செல்வமேரி


எடமலைப்பட்டி புதூர்,
16-2-1960

அன்புள்ள மேரிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? கேட்டுக்குள் நீ நடந்து வந்ததைப் பார்த்தபோது யாரோ உன்னைப் பின்னாலிருந்து இழுப்பது போலிருந்தது. ஆனாலும் வந்தாய். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே நடந்ததை அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல வந்தபோது நீயும் இல்லை. "ஒன் ஃபிரண்டையும் வரச் சொல்லு, அவளையும் பார்த்துடறேன்" என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்து ஓடிவிட்டாய் போலிருக்கிறது.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுகிற இடத்தையெல்லாம் விரலால் காட்டச் சொன்னார். காட்டிக்கொண்டே வந்தேன். பிறகு அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் தேமலின்மேல் இருந்தது.

"அதுதான்மா. சுத்தி வளைச்சுப் பேசினா ஒனக்குப் பிடிக்காது. ஒரே ஒரு தேமல், பரவாத வகை. மாத்திரை சாப்பிடணும், ரெண்டு மூணு வருஷம்."

"வேலை போயிடுமா டாக்டர்?"

"எதுக்குப் போகணும்?"

"இங்க வந்துதானே டாக்டர் எனக்கு ஒட்டிக்கிச்சு?" என்று அழுதுவிட்டேன்.

அவர் என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இல்லை. இந்தக் கிருமி வெளியிலே தெரியறதுக்கே வருஷக்கணக்கிலே ஆகும். நீ இங்க வந்து எட்டு மாசம்கூட ஆகலை. வரும்போதே கொண்டு வந்திருக்கே. நீ இங்க வராம இருந்திருந்தா, விரல் மடங்கற வரைக்கும் ஒன் கையை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார்.

மேரி, இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை, பயம்தான் வந்தது. எங்கள் சேரியில் யாரிடமிருந்து? இப்போது யாருக்கெல்லாம் இருக்கிறது? யாருக்கும் தெரியாது.

என் தேமலிலிருந்து எடுத்த சில்லை நானே பார்க்கிறேன் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். சிவப்பு ஒன்றுகூட இல்லை. பரவாத வகை என்பது அதுதான்.

குத்புதீன் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. டீயை வெளியே மரத்தடியில் போய்க் குடிக்கிறார். தினம் கிருமியோடு உட்கார்கிறவர்.

நீயும் ஒருமுறை வந்து காட்டிக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அழகம்மாள்


லால்குடி,
2-4-1960

அன்பு அழகுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். நான் அங்கே வந்து போனது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்று கட்டியிருந்த புடவையை அண்டாவில் போட்டு வேகவைத்தார்கள். சாயம் போய்விட்டது. "ரோசம்மா மக குஷ்டரோகி ஆஸ்பத்திரிக்குப் போறான்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்?" என்று ஒரு வாரம் அழுதார்கள். உனக்கு வந்ததை நான் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ புரிந்துகொண்டார்கள்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? குளிக்கும்போது கை, கால், தோள் எல்லா இடத்திலும் ஊக்கால் குத்திப் பார்க்கிறேன். வலித்தால் சந்தோஷம். முதுகு எட்டாது. எட்டாத இடத்தில்தான் இருக்கிறதென்று தோன்றும். அப்படியே ஈரத்தோடு நிற்பேன். நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை, "டீச்சர், கையெல்லாம் ஏன் புள்ளி புள்ளியா ரத்தம்?" என்று கேட்டது. கொசு என்றேன்.

ஆனால் வந்து காட்டிக்கொள்ள மட்டும் தைரியம் வரவில்லை. இல்லையென்று சொன்னால் சரி. உண்டென்று சொல்லிவிட்டால்?

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன்,
செல்வமேரி


எடமலைப்பட்டி புதூர்,
20-6-1960

அன்புள்ள மேரிக்கு,

இரண்டு செய்தி.

போன வாரம் மறுபடியும் ரெங்கநாயகி மாமி வீட்டுக்குப் போனேன். வாசலுக்குப் போகவில்லை, கொல்லைப்புறம் போனேன். கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே ஓடப் பார்த்தார். நான் கையை மடக்கித் தேமலைக் காட்டினேன்.

அப்படியே நின்றுவிட்டார். "ஒனக்குமா?" என்றார். பிறகு மெல்ல, "வலிக்கறதோ?"

"வலிக்காது மாமி. அதனாலதான் பயமே."

"எனக்கு அடுப்புல வெரல் கருகினது தெரியலைடீ. நாத்தம் வந்து பார்த்தேன்." கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். "அவருக்குத் தெரிஞ்சா என்னைப் பொறந்தாத்துல கொண்டு விட்டுடுவார். கொழந்தைகளைக் கண்ணால பார்க்க விட மாட்டார். பெருமாள் சத்தியமா யார்கிட்டயும் சொல்லிடாதே."

"டாக்டரைத் தவிர யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமி. மாத்திரை கொண்டு வரேன். விரல் இன்னும் மடங்காம பார்த்துக்கலாம்."

இப்போது வாரா வாரம் கொல்லைப்புறம் போகிறேன். என்னைக் கண்டால் முதலில் உள்கதவைச் சாத்திவிட்டு வருகிறார். அக்கம்பக்கத்தில் பார்த்துவிடுவார்களோ என்று எனக்கும் பயம். ஆனால் மாத்திரை உள்ளே போகிறது. அவர் குழந்தைகள் இருவரையும் டாக்டர் பார்த்துவிட்டார், பள்ளிக்கூடப் பரிசோதனை என்ற பேரில். ஒன்றும் இல்லை.

இரண்டாவது செய்தி. டாக்டர் என்னை நம் பழைய ஹாஸ்டலுக்கு அனுப்பினார், பெண்களிடம் பேச. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், நாம் உட்கார்ந்திருந்த மாதிரியே. எல்லாம் சொல்லி முடித்தேன். ஒரு பெண் எழுந்து, "அக்கா, அங்க வேலை பார்த்தா அந்த வியாதி வருமா?" என்று கேட்டாள். பொய் சொல்லவா? சொல்ல நினைத்தேன். வாய் வேறு சொன்னது.

"எனக்கு இருக்கு. ஆனா அங்க வந்ததில்லை. நம்ம தெருவிலேருந்து கொண்டு போனேன். அங்க போனதாலதான் கண்டுபிடிச்சாங்க. நம்ம தெருவுல யாருக்கு இருக்குன்னு யாரும் எண்ணிப் பார்க்கலை. நாமளே போய்ப் பார்த்தாத்தான் உண்டு" என்றேன்.

முன் வரிசைப் பெண்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தியும் பெயர் கொடுக்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸில் ஏறி அழுதேன்.

உன் இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. வருஷக் கடைசி வரை என்று சொன்ன டாக்டர், மேலிடத்தில் சண்டை போட்டு ஆறு மாதம் நீட்டி வாங்கினார். இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது. அதன்பிறகு, "கூப்பிட்டோம், அவங்க வரலை" என்று எழுதி மூடிவிடுவார்கள். நம் ஜனத்தைப் பற்றி அப்படியொரு வரி எங்கேயோ எழுதப்பட்டுக் கிடக்கும் என்று நினைத்தால் எனக்கு வியாதியைவிட அதுதான் பயம்.

வா என்று சொல்லவில்லை. என் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

அழகம்மாள்


லால்குடி,
27-6-1960

அன்பு அழகுக்கு,

நான் வருகிறேன்.

உடனே எழுதி வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் மனசு மாறிவிடும். வியாழக்கிழமை காலை பஸ். டாக்டரிடம் சொல்லி வை. முதலில் என்னைப் பரிசோதிக்கட்டும், முதுகிலிருந்து ஆரம்பிக்கட்டும். அதற்குப் பிறகு வேலையைப் பற்றிப் பேசலாம். இருந்தாலும் சேருவேன், இல்லாவிட்டாலும் சேருவேன்.

தைரியம் வந்துவிட்டதென்று நினைக்காதே. ஒரு வருஷமாக இங்கே உட்கார்ந்து பயந்துகொண்டுதான் இருக்கிறேன். அங்கே வந்து பயந்தால் வேலையாவது நடக்கும் என்று தோன்றியது. உன் கடிதத்தில் பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள் என்று படித்தபோது, நான் அங்கே இருந்திருந்தால் நானும் நகர்ந்திருப்பேன் என்று தெரிந்தது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. இன்று மாலை என் பெட்டியில் துணி மடித்து வைத்தார்கள். மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணுகூட ஒரே தட்டுல மட்டும் சாப்பிடாதடி" என்றார்கள். சரிம்மா என்றேன்.

முதல் நாளே உன் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவேன், அழகு. கை நடுங்கும், நீ பார்க்காத மாதிரி இரு. அம்மா கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். இப்போதைக்கு என்னிடம் இருக்கிற தைரியம் இவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில். நான் இறங்குகிற வரைக்கும் போய்விடாதே.

உன்,
செல்வமேரி