வீட்டுச் சாட்சி

அன்புள்ள அக்கா,

இவருக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைச்சிடுச்சு. நல்ல சேதிதான். ஆனா எழுத உட்கார்ந்தா கை வரவே மாட்டேங்குது.

பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலேருந்து விழுந்தாரே, அதுலேருந்து ரெண்டு கைக்கும் பலம் இல்ல. இருந்தும் முதல் மனு தள்ளுபடியாச்சு. வேலை செய்ய முடியுமான்னு அதிகாரி கேட்டதுக்கு, "சமாளிச்சுக்குவேன்"னு சொல்லிட்டு வந்தார். விழுந்தாலும் மீசையில மண் ஒட்டாத மனுஷனாச்சே!

மேல்முறையீட்டுக்கு இலவச சட்ட உதவி மையத்துல ஒரு வக்கீலம்மா கிடைச்சாங்க. தங்கமான மனுஷி. "அவர் வாயிலேருந்து வராதும்மா. நீங்கதான் சாட்சி. ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னாங்க.

விசாரணையில சொன்னேன்க்கா. இவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே சொன்னேன். சாப்பாடு பாதி சிந்துறதை, கழிவறைக்கு நான் கூடவே போறதை, குழந்தையைத் தூக்கச் சொல்லிடுவேனோன்னு பயந்து தூங்குற மாதிரி படுத்துக்குறதை, எல்லாத்தையும். இவர் தலை நிமிரவே இல்ல.

பஸ்ல வரும்போதுதான் வாயைத் திறந்தார். "நான் தூங்கலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்"னேன். அப்புறம் வீடு வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

ஜெயிச்சதுக்கு என் சாட்சிதான் காரணம்னு வக்கீலம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அழுகைதான் வந்தது.

முன்னெல்லாம் காலையில கதவைச் சாத்திக்கிட்டு, எவ்வளவு நேரமானாலும் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கிட்டுதான் வெளியே வருவார். இப்ப திறந்த சட்டையோட என் முன்னாடி வந்து நிக்கிறார். நான் ஒவ்வொரு பொத்தானா போட்டுவிடுறேன்.

ஒரு நடை வந்துட்டுப் போயேன்க்கா.

உன் தங்கை