நாளை திறக்கப்போகும் பெட்டி

சாவி என் கையில் இருக்கும்போது, பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஏன் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? மூன்று மாதமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் கேட்டால் சிரித்திருப்பாய்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து மடிக்கணினியில் உன் வலைத்தளத்தைத் திறந்தேன். 'இருக்கேனா?' என்று நீ தலைப்பு வைத்த பக்கம். வெள்ளைத் திரையின் நடுவில் பெரிதாக ஒரே ஓர் எண்: 1. அதன் கீழே நீ எழுதியது: "தினமும் காலைல நான் ஒரு பட்டனை அமுக்குவேன். அமுக்கினா இந்த நம்பர் திரும்ப 365 ஆகிடும். அமுக்கலன்னா தினம் ஒண்ணு குறையும். பூஜ்யம் ஆச்சுன்னா பெட்டி திறக்கும்."

அதை நீ முதன்முதலில் காட்டியபோது எல்லோரும் சிரித்தோம். காபி போடுவதற்கு முன்னால் பட்டன் அமுக்கும் பைத்தியம் என்று உன் கணவர் கேலி செய்தார். சென்ற ஆண்டு, தலைவலி என்று மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று காலையும் அமுக்கிவிட்டுத்தான் போயிருக்கிறாய். நீ திரும்பி வரவில்லை. எண் மட்டும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வந்தது. நாளை அது பூஜ்யம்.

செவிலிமேட்டு வீட்டின் மாடி அறையில், அலுவலக வேலை முடிந்ததும் நீ உட்கார்ந்து செய்த பொம்மைகள் நாற்பதுக்கு மேல் அந்தத் தளத்தில் இருக்கின்றன. ஒரு பயனும் இல்லாதவை. மவுஸின் அம்பைக் கிட்டே கொண்டுபோனால் திரையின் ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொள்ளும் பல்லி. தொடத் தொட முணுமுணுக்கும் இட்லி. 'குடை வேணுமா?' என்று ஒரு பக்கம், எந்த நாள், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் பாசாங்கு செய்து, எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: "எடுத்துக்கினு போ. கை வலிக்கப் போகுதா?"

"இதெல்லாம் யாருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாருக்கும் இல்லபா. ஆபீஸ்ல நாள் பூரா ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எழுதறேன். அது சீரியஸ். இது எனக்கு."

கம்ப்யூட்டரோடு விளையாடத் தெரியாதவள் நான். கல்லூரியில் பாடம் நடத்தத் தெரியும், தேர்வு வைக்கத் தெரியும், பிழை கண்டுபிடிக்கத் தெரியும். நீ இட்லிக்கு முணுமுணுப்பு எழுதிய நேரத்தில் நான் துறைத் தலைவர் ஆகிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு உன் கணவர் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தார். ஸ்கூட்டர் உதிரிபாகங்களின் எண்ணெய் வாசனை படிந்த பையிலிருந்து உன் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தளத்த புதுப்பிக்கணும்னு மெயில் வந்துக்கினே இருக்குதுக்கா. எனக்கு ஒண்ணும் புரியல. பாஸ்வேர்டு எல்லாம் இதுல இருக்குது. நீங்களே பாத்துக்குங்க."

வாசல் வரை போனவர் நின்றார்.

"அந்தப் பெட்டில என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது."

"அவ அப்பா குடுத்த வண்டிய நான் வித்துட்டு, திருடு போயிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லி வச்சேன். அத எழுதி வச்சிருப்பாளோன்னு பயமா இருக்குது. பெரியவரு இன்னும் இருக்காரு இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே தளத்தைப் புதுப்பித்தேன். கோப்புகளின் பட்டியலும் கண்ணில் பட்டது. பெட்டி என்ற பெயரில் ஒரே ஒரு கோப்பு. அளவு பன்னிரண்டு கிலோபைட். அதில் இரண்டு பக்கம் எழுதலாம். என்னைப் பற்றி எழுத இரண்டு வரி போதும்.

அந்த இரண்டு வரியை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. உனக்குத் தெரியும் என்பதால் உன்னிடமும் சொன்னதில்லை.

நாம் இருவரும் ரயிலில் போய்ப் படித்த கல்லூரியின் கடைசி வருடம். நான் செய்துகொண்டிருந்த ப்ராஜெக்ட், ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது குலைந்துபோனது. எங்கே தொட்டாலும் நின்றுவிடும். நீ உன் ப்ராஜெக்டை முன்பே முடித்துவிட்டு விளையாட்டாக வேறொன்று எழுதிக்கொண்டிருந்தாய். கருட சேவை அன்று, சாமி ஊர்வலக் கூட்டத்தில் தெருக்கள் அடைபட்டு, ரயிலடியிலிருந்து வீட்டுக்கு வர உன் அப்பாவுக்கு நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்காக ஒரு ஆட்டம். திரையில் நம் ஊர்த் தெருக்கள் கோடுகளாக. சாமி ஒரு மஞ்சள் புள்ளி, நாம் பச்சைப் புள்ளி. மஞ்சள் நகர நகரத் தெருக்கள் அடைபடும், திறக்கும். பச்சை வீடு போய்ச் சேர வழியை நிரல் கண்டுபிடிக்க வேண்டும். வழியே இல்லையென்றால், "நில்லு, சேவிச்சிட்டுப் போ" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வரும்.

நான்தான் கேட்டேன். நீயாகக் கொடுத்ததுபோல் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இல்லை. ரயிலில், ஜன்னலைப் பார்த்தபடி, "அந்த சாமி ஆட்டத்தை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எத்துக்கினு போ. எனக்கு அதால என்ன மார்க்கா வரப்போவுது?" என்று ஃப்ளாப்பியை என் மடியில் போட்டாய்.

'நகரும் தடைகளுக்கிடையே வழி காணுதல்' என்று நான் கனமாகத் தலைப்பு வைத்தேன். "நில்லு, சேவிச்சிட்டுப் போ" என்ற வரியை அழித்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எப்படித் தோன்றியது இந்த யோசனை என்று கேட்டார். "எங்கப்பா ஒருமுறை கருட சேவைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்" என்றேன். என் அப்பா அப்போது வேலூரில் வேலையில் இருந்தார். வெளியே வந்ததும், கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த நீ என் தோளில் கை போட்டு, "அடிப்பாவி, எங்கப்பாவையும் சேத்தா எத்துக்கினே?" என்றாய். உன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை அந்த முகத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

முதல் மதிப்பெண் வந்தது. அதை வைத்து வேலை வந்தது. எங்கள் கல்லூரித் தளத்தில் என்னைப் பற்றிய குறிப்பின் முதல் வரியே அந்தத் தலைப்புதான். அடுத்தவர் ப்ராஜெக்டைத் தன்னுடையது என்று கொடுத்த மூன்று பேரை, ஒரு வருடம் இழக்கவைத்து, மறுபடி எழுதவைத்த உத்தரவில் கையெழுத்து என்னுடையது. அவர்களில் ஒருத்தி என் அறையில் அழுதாள். விதி என்றால் விதி என்று சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன் என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

நீ பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒருமுறை, உன் மாடி அறையில் மாம்பழம் நறுக்கிக்கொண்டே, "எல்லாத்தையும் பெட்டில போட்டுட்டேன்பா" என்றாய்.

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான். மூஞ்ச ஏன் அப்பிடி வச்சிருக்க? துண்டு எடுத்துக்கோ."

இறந்தவர்கள் எங்கிருந்தோ பார்க்கிறார்கள் என்று நான் நம்புவதில்லை. உன் நிரல் பார்க்கிறது என்றும் நம்பவில்லை. அது தேதியைக் கழித்துப் பார்க்கும் ஆறு வரிக் கணக்கு, அவ்வளவுதான். ஒரு நிமிடம் போதும், கோப்பை அழித்துவிடலாம். உன் கணவரிடம் பெட்டி காலி என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி. இன்று மட்டும் மூன்று முறை அந்தப் பட்டியல் வரை போய்விட்டுத் திரும்பினேன். அழித்தால் உன்னிடமிருந்து இரண்டாவது முறை எடுத்ததாகிவிடும். படித்தால் அழித்துவிடுவேன். அதனால் படிக்கவும் இல்லை. இதைத் தைரியம் என்று நீ நினைத்துவிடாதே. பெற்ற பெயர் போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், அந்த வரிகளில் நீ கோபமாக இருந்துவிடுவாயோ என்பது. அப்படி இருந்தால் சமாதானம் சொல்ல நீ இல்லை.

*

திங்கட்கிழமை நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலை ஏழே முக்காலுக்குப் பார்த்தேன். எண் இல்லை. 'யார் யார் என்ன செஞ்சாங்க' என்று ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் உதவியவர்கள் பெயர். பல்லிக்கு எத்தனை விரல் என்று எண்ணிச் சொன்னது உன் கணவர். இட்லியின் குரல் எதிர்வீட்டு அம்மா. ஒன்பதாவதாக, அந்தச் சாமி ஆட்டம்: 'சாமி வருது, வழி விடு'. கீழே என் முழுப் பெயர், இனிஷியலோடு. "செஞ்சது நான். காலேஜ்ல இவ தன்னோடதுன்னு காட்டினா. கேட்டா, குடுத்தேன். தப்பு ரெண்டு பேர் மேலயும். எங்கப்பாவ எடுத்தது மட்டும் இவ தப்பு." அவ்வளவுதான். கோபமா, கேலியா, பலமுறை படித்தும் பிரிக்க முடியவில்லை. பக்கத்தின் அடியில் பார்வையாளர் எண்ணிக்கை: ஒன்று. அது நான்.

பதினொரு மணிக்கு உன் கணவர் அழைத்தார்.

"பாத்துட்டேன்க்கா. வண்டிய பத்தி ஒண்ணும் இல்ல. பல்லி வெரல எண்ணினதுக்குத்தான் என் பேரு. இருபது வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு இதான் மரியாத." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒன்பதாவது... எடுத்துடுங்கக்கா. நம்ம ரெண்டு பேரத் தவிர யாரு பாக்கப் போறாங்க? நான் சொல்ல மாட்டேன்."

"வேணாம்பா. அது அவ எழுதினது. இருக்கட்டும்."

மதியம் எங்கள் கல்லூரித் தளத்தைப் பராமரிப்பவரிடம் போய், என்னைப் பற்றிய குறிப்பின் முதல் வரியை எடுத்துவிடச் சொன்னேன். "நல்லாத்தானே மேடம் இருக்குது, என்ன காரணம்னு போடறது?" என்றார். உன் பக்கத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மூன்று மணிக்கு உன் பக்கத்தின் அடியில் பார்வையாளர் எண்ணிக்கை மூன்றாக இருந்தது. நாலரைக்கு முப்பத்தொன்று.