திரும்பி வந்த ஹெல்மெட்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். கப்பலில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவில்லாத வீடு மாதிரி இருக்கிறாள்.

போனில் உங்களிடம் எதையும் உளறக்கூடாது என்று என் மகள் என் வாயைக் கட்டிவிட்டாள். கடிதம் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு எங்கள் ஹெல்மெட் கம்பெனியில் நடந்தது இது. தரச் சோதனையில் அவள் தாடை வாரை இழுத்துப் பார்க்கும்போது கொக்கி கழன்றது. பத்தில் ஒன்று அப்படி. அதற்குள் அந்தச் சரக்கில் மூவாயிரம் கடைகளுக்குப் போய்விட்டன. பேக்கிங் சூப்பர்வைசராக அவற்றை ஏற்றி அனுப்பியவனே நான்தான். அவ்வளவையும் திரும்ப வாங்க வேண்டும், பேப்பரில் அறிவிப்பும் கொடுக்க வேண்டும் என்று முதலாளி முன்னால் போய் நின்றாள். ஒரு புகார்கூட வரவில்லையே, வருஷத்து லாபமே போய்விடுமே என்றார் அவர்.

“புகார் சொல்ல அவங்க உயிரோட இருக்கணுமே சார்” என்றாள்.

அன்று வீட்டில் நான்தான் அவளைத் திட்டினேன். நாற்பது பேர் வயிற்றில் அடிக்காதே என்றேன். மறுநாளும் அவள் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

மூன்றாம் நாள் முதலாளி அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். ஹெல்மெட்கள் லாரி லாரியாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகக் கொக்கி மாற்றினோம். கம்பெனிக்கு நஷ்டம், எங்களுக்கு ஓவர்டைம் கிடையாது. கேன்டீனில் அவள் மேஜையில் யாரும் உட்காரவில்லை. நானும்தான்.

போன வாரம், வீட்டுக்கு வீடு பார்சல் கொடுக்கும் பெரிய கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தங்கள் வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இனி எங்கள் ஹெல்மெட்தானாம். மூன்று வருட ஒப்பந்தம், விலையில் பேரம்கூட இல்லை. அந்த அறிவிப்பைப் படித்தார்களாம். தன் தப்பைத் தானே சொல்கிறவன் நாளைக்கும் மறைக்கமாட்டான் என்றார்களாம். முதலாளி அவர்களை நேரே என் மகளிடம் கூட்டிப்போனார். அவளோ கையிலிருந்த கொக்கியைச் சோதித்து முடிக்கும்வரை தலைநிமிரவில்லை. அதற்குள் என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மாப்பிள்ளை.

ஆனாலும் பாராட்ட எனக்கு நா எழவில்லை. திட்டியதற்கு வருத்தம் தெரிவிக்க அதைவிட எழவில்லை. நீங்கள் போன் செய்யும்போது, நீங்களே சொல்வதுபோல, அவள் செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீங்கள் கரை சேரும்வரை கடல் அடங்கியே இருக்கட்டும்.

உங்கள் நலமே நாடும்,
மாமா