சிறுத்தை முதுகில் சிவப்புத் துணி

12.3.1974, செவ்வாய். கம்பம்.

சினிமாவுக்கு ஆட்டுத்தோலில் சிறுத்தை உடை தைத்தால், முதுகில் சிவப்புத் துணி ஒன்று வைப்பேன். உள்ளே ஆள் இருப்பது தூரத்திலேயே தெரியும். நேற்று டைரக்டர், "கேமராவுல தெரியுது, எடுத்துடுங்க" என்றார். மறுபேச்சில்லாமல் வெட்டி எடுத்தேன்.

இன்று அந்த உடையில் நடிக்கும் உள்ளூர்க்காரன் முருகன், அதைக் கழற்றாமலே பீடி குடிக்க வாழைத்தோப்புக்குள் ஒதுங்கினான். தோப்புக் காவல்காரர் சிறுத்தை என்று சுட்டுவிட்டார். தொடையில் குண்டு. உயிருக்குப் பயமில்லையாம்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "காவக்காரரே ஏமாந்துட்டாக அண்ணே! அம்புட்டு அசலா தச்சிருக்கீக!"

டைரக்டர் பக்கத்திலேயே நின்றார். துணியை எடுக்கச் சொன்னதை அவர் சொல்லவில்லை. வெட்டி எடுத்ததை நான் மட்டும் சொன்னேனா?

துணி இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.